அமைதியாக மடியத் தெரிந்த உயிரணுக்கள்

‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குங்கள்’ என்ற வாசகம் இல்லாத மருந்துக் கடையை இன்று காண்பது அரிது. சத்துமாவுப் பொட்டலம் முதல் தேயிலைத்தூள் வரை பல பொருள்களும் அந்த ஒற்றை வாக்குறுதியைச் சுமந்து அலமாரிகளில் நிற்கின்றன. கரோனா தொற்றுக் காலத்தில் வேகம் பெற்ற அந்த வாசகம், தொற்று ஓய்ந்த பின்னரும் ஓயவில்லை. எதிர்ப்பாற்றல் என்பது வங்கியில் இட்டு வைத்த வைப்புத்தொகை போன்றது, கூடக்கூட நல்லது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவள் என் தங்கை.

பள்ளி ஆசிரியையான அவளுக்கு 36 வயதில் மூட்டுவலி தொடங்கியது. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வாயில் ஆறாத புண்கள். எவ்வளவு உறங்கினாலும் தீராத களைப்பு. ‘உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை’ என்று உறவினர்கள் தீர்ப்பு எழுதினார்கள். ஊட்டச்சத்து மாவு டப்பாக்களையும் லேகியங்களையும் வாங்கிக் குவித்ததில் எனக்கே முதலிடம். இப்படியே மூன்று ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் ஒரு மருத்துவர், அவளுடைய இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போலப் படர்ந்திருந்த சிவப்பைக் கண்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது: லூபஸ்.

“எதிர்ப்பாற்றல் குறைந்ததால் வந்த நோய் இல்லை, ஐயா. அந்த ஆற்றல் தன் வீட்டையே பகையென்று கருதித் தாக்குவதால் வந்த நோய்” என்றார் அந்த மருத்துவர். ஏன் அப்படிக் கருத வேண்டும் என்று கேட்டேன். “காரணங்கள் பல. உடலில் மடியும் உயிரணுக்களை அப்புறப்படுத்தும் வேலை ஒழுங்காக நடக்காமல் போவது அவற்றுள் ஒன்று” என்றார். பொருளாதாரம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவனுக்கு அந்த விடை புதிராக இருந்தது. இறந்த உயிரணுவுக்கும் என் தங்கையின் மூட்டுவலிக்கும் என்ன தொடர்பு? ஓய்வு பெற்ற பின் கிடைத்த நேரத்தில் அந்தக் கேள்வியின் பின்னே சென்றேன். நான் மருத்துவன் அல்லன். கற்றதைப் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியன் மட்டுமே.

நாள்தோறும் 33,000 கோடி

மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் செண்டர், ரான் மைலோ ஆகிய இருவரும் 2021-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, அவற்றுள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி மடிந்து, அவற்றின் இடத்தைப் புதியவை பிடிக்கின்றன. எடையில் அது 80 கிராம் அளவு. எண்ணிக்கையில் பெரும்பகுதி இரத்த உயிரணுக்கள். அடுத்த இடம் குடலின் உட்சுவரில் உள்ளவற்றுக்கு. இந்த வரியைத் தாங்கள் படித்து முடிப்பதற்குள் தங்கள் உடலில் பல லட்சம் உயிரணுக்கள் மடிந்திருக்கும். வலியில்லை, காய்ச்சலில்லை, வீக்கமில்லை. இத்தனை மரணங்கள் இவ்வளவு அமைதியாக நிகழ்வது எப்படி என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஆஸ்திரேலிய நோயியல் அறிஞர் ஜான் கெர், 1960-களில் எலியின் கல்லீரலை ஆராய்ந்தபோது ஒரு விந்தையைக் கண்டார். இரத்த ஓட்டம் குறைந்த பகுதியில் சில உயிரணுக்கள் வழக்கம்போல் வீங்கி வெடிக்கவில்லை. அவை சுருங்கின, சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்தன, அக்கம்பக்கத்து உயிரணுக்கள் அவற்றை விழுங்கிவிட்டன. சுற்றுப்புறத்தில் அழற்சியின் சுவடே இல்லை. பின்னர் அவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகியோருடன் இணைந்து, 1972-இல் இந்த மரணத்துக்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டார். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அதை எடுத்துக் கொடுத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். நாம் இதனை இலையுதிர் மரணம் என்று அழைக்கலாம்.

இது விபத்தன்று, உயிரணுவுக்குள் எழுதப்பட்ட ஏற்பாடு என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு ஒன்று மெய்ப்பித்தது. அந்தப் புழு வளரும்போது உருவாகும் 1,090 உடல் உயிரணுக்களில் 131 தவறாமல் மடிகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே 131. இந்த மரணத்துக்குரிய மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோருடன் அவருக்கு 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த மரபணுக்களின் உறவினர்கள் நம் உடலிலும் உள்ளன. காஸ்பேஸ் எனப்படும் வெட்டும் நொதிகள் அவற்றின் வழியே உருவாகின்றன. ஆணை பிறந்ததும் இவை உயிரணுவின் உள்கட்டமைப்பை முறைப்படி பிரித்தெடுக்கின்றன.

அடக்கத்தின் அறிவிப்பு

மடியும் உயிரணு தன் மரணத்தைச் சுற்றத்துக்கு அறிவிக்கவும் செய்கிறது. உயிரணுவின் உறை இரண்டு அடுக்குகளால் ஆனது. பாஸ்படைடில்செரின் என்னும் கொழுப்புப் பொருள், உயிரோடு இருக்கும்வரை உள்ளடுக்கிலேயே வைக்கப்பட்டிருக்கும். இலையுதிர் மரணம் தொடங்கியதும் அது வெளியடுக்குக்கு வருகிறது. ‘என்னை எடுத்துச் செல்’ என்று வாசலில் மாட்டிய பலகை என்று அதைக் கொள்ளலாம். மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் அந்தப் பலகையைக் கண்டு, உறை கிழிவதற்கு முன்பே அந்த உயிரணுவை உட்கொண்டுவிடுகின்றன.

அதன் பின் நடப்பதே மிக முக்கியமானது. ஒரு கிருமியை விழுங்கினால் இதே விழுங்கணு போர்முரசு கொட்டும். அமைதியாக மடிந்த சொந்த உயிரணுவை விழுங்கினாலோ, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூகின்-10 ஆகியவை அவற்றுள் சில. 1990-களின் இறுதியில் இதை உறுதிசெய்த ஆய்வுகள், எதிர்ப்பாற்றல் இயலின் போக்கையே மாற்றின. உடலின் அமைதி என்பது ஒன்றும் நடக்காத நிலை என்ற எண்ணம் மாறி, அது நொடிதோறும் உழைத்து உருவாக்கப்படும் ஒன்று என்பது புலனாயிற்று.

அமைதியோடு கல்வியும் சேர்ந்து நடக்கிறது. டென்ட்ரிடிக் உயிரணுக்கள் எனப்படும் கிளைத்த வடிவுடைய காவலர்கள், மடிந்த உயிரணுக்களின் துண்டுகளை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் சென்று, படைவீரர்களான டி உயிரணுக்களிடம் காட்டுகின்றன. அபாய அறிவிப்பு ஏதும் இன்றிக் காட்டப்படும் பொருளைக் கண்ட டி உயிரணு, ‘இது நம்முடையது’ என்று கற்று அடங்குகிறது, அல்லது தானே மடிகிறது. அபாய அறிவிப்போடு காட்டினால் அதே டி உயிரணு போருக்குப் புறப்படும். எதைக் கண்டோம் என்பதோடு, எந்தச் சூழலில் கண்டோம் என்பதும் தீர்ப்பை முடிவுசெய்கிறது. எதிர்ப்பாற்றலின் சகிப்பு என்று அறிவியல் குறிப்பிடுவது இதைத்தான்.

அந்த வீரர்களின் பயிற்சிக் கூடமும் மரணத்தால்தான் நடத்தப்படுகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் டி உயிரணுக்கள் முதிர்ச்சியடைகின்றன. அங்கே நுழைபவற்றில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் வெளியே வருகின்றன. உடலின் அடையாளத்தைப் படிக்கவே தெரியாதவை கைவிடப்பட்டு மடிகின்றன. சொந்த உடலின் புரதங்களை மூர்க்கமாகப் பற்றிக்கொள்பவையோ மடியுமாறு ஆணையிடப்படுகின்றன. இந்தச் சல்லடையையும் தப்பி வெளியேறும் சிலவற்றை அடக்கி வைக்க நெறிப்படுத்தும் டி உயிரணுக்கள் என்றொரு தனிப்பிரிவு உண்டு. அதைக் கண்டறிந்து விளக்கிய மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோருக்கே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மடிய வேண்டியவை மடிய மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. போர் முடிந்தபின் வீரர்கள் கலைய வேண்டும். அந்தக் கட்டளையைப் பெறும் ஏற்பி ஃபாஸ் எனப்படும் புரதம். அது பழுதுற்ற எலிகளில் நிணநீர்க் கணுக்கள் வீங்கி, லூபஸ் போன்ற நோய் தோன்றுகிறது என்பதை 1992-இல் ஜப்பானின் ஷிகெகாசு நகாட்டா குழுவினர் காட்டினர். அதே பழுதுடன் பிறந்த குழந்தைகள் 1995-இல் அடையாளம் காணப்பட்டனர். அவர்களுடைய மண்ணீரல் பெருத்திருந்தது; அவர்களுடைய எதிர்ப்பாற்றல் அவர்களுடைய இரத்த உயிரணுக்களையே அழித்துக்கொண்டிருந்தது. ‘எதிர்ப்பு உயிரணுக்கள் கூடக்கூட நல்லது’ என்ற கணக்கு அந்தக் குழந்தைகளிடம் செல்லுபடியாகவில்லை.

கூக்குரலுடன் மடிபவை

எல்லா உயிரணுக்களும் அமைதியாக மடிவதில்லை. தீக்காயம், அடி, இரத்த ஓட்டத் தடை ஆகியவற்றால் சிதையும் உயிரணு வெடிக்கிறது. உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருந்தவை வெளியே சிந்துகின்றன. உட்கருவில் டிஎன்ஏவுடன் ஒட்டிக் கிடக்க வேண்டிய எச்எம்ஜிபி1 என்ற புரதம், சிதைந்து இறந்த உயிரணுவிலிருந்து வெளியேறி அழற்சியை மூட்டுகிறது. இலையுதிர் மரணத்திலோ அது உட்கருவோடேயே பிணைந்து கிடக்கிறது. 2002-இல் வெளியான இந்த ஆய்வு முடிவை, மரணத்தின் விதமே செய்தி என்பதற்கான மிகத் தெளிவான சான்றாக நான் கருதுகிறேன். எதிர்ப்பாற்றல் அந்நியரைத் தேடுவதைவிட ஆபத்தையே தேடுகிறது என்று 1994-இல் அமெரிக்க அறிஞர் பாலி மாட்ஸிங்கர் முன்வைத்த கருத்துக்கு இத்தகைய முடிவுகள் வலுச்சேர்த்தன.

விபத்தாக நிகழும் வெடிப்பு ஒருபுறம் இருக்க, உயிரணு திட்டமிட்டே கூக்குரலுடன் மடிவதும் உண்டு. கிருமி உள்ளே புகுந்துவிட்டதை உணர்ந்த உயிரணு, காஸ்டெர்மின் என்ற புரதத்தால் தன் உறையிலேயே துளைகள் இட்டுக்கொண்டு, அழற்சிச் சமிக்ஞைகளை வெளியே பாய்ச்சியபடி மடிகிறது. பைரோப்டோசிஸ் என்ற அதன் பெயரில் ‘பைரோ’ என்பது நெருப்பைக் குறிக்கும். நெக்ரோப்டோசிஸ் என்பது இன்னொரு வகை. இவற்றை வில்லன்களாகக் காண வேண்டியதில்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் ஊரைக் கூட்டத்தான் வேண்டும். திருடன் வராதபோதும் இரவு பகலாகக் கூக்குரல் எழுந்துகொண்டிருந்தால் அதுவே நோய்.

எந்த வழியில் மடிவது என்பதை உயிரணு எப்படித் தீர்மானிக்கிறது? இங்கேதான் சமிக்ஞைகளின் நுட்பம் வெளிப்படுகிறது. காஸ்பேஸ்-8 என்ற நொதி அமைதியான மரணத்தைத் தொடங்கி வைக்கிறது. அதே வேளையில் நெக்ரோப்டோசிஸ் பாதைக்குப் பூட்டும் போட்டு வைக்கிறது. அந்த நொதி இல்லாத எலிக் கருக்கள் தாயின் வயிற்றிலேயே மடிந்தன. மரணத்துக்குரிய நொதியை நீக்கினால் உயிர் பிழைப்பதற்கு மாறாக ஏன் இறக்க வேண்டும் என்பது நெடுநாள் புதிர். 2011-இல் அது அவிழ்ந்தது. நெக்ரோப்டோசிஸை நடத்தும் ஆர்ஐபிகே3 என்ற புரதத்தையும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிறந்தன, வளர்ந்தன. பூட்டு இல்லாததால் திறந்துகொண்ட கூக்குரல் மரணமே கருக்களைக் கொன்றிருக்கிறது. ஆயினும் அந்த எலிகளுக்கு முழு விடுதலை கிட்டவில்லை. ஃபாஸ் பழுதுற்ற எலிகளைப் போலவே அவற்றின் நிணநீர்க் கணுக்களும் வயது ஏற ஏற வீங்கின. அமைதியான மரணம் இல்லாத உடல், ஒரு வழியாக இல்லாவிடினும் மறுவழியாகத் துன்புறுகிறது.

மனிதரிலும் இதற்கு இணையானது உண்டு. காஸ்பேஸ்-8 வெட்டி முடக்க வேண்டிய ஆர்ஐபிகே1 என்ற புரதத்தில், வெட்டுப்பட வேண்டிய இடத்தில் ஒரேயொரு எழுத்து மாறிப் பிறந்தவர்கள் சிலர், குழந்தைப் பருவம் முதலே திரும்பத் திரும்பக் காய்ச்சலாலும் நிணநீர்க் கணு வீக்கத்தாலும் அவதியுறுகின்றனர். 2019-இன் இறுதியில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதனை வெளியிட்டன. தொற்று ஏதுமின்றி, மரணச் சமிக்ஞையின் கோளாறே காய்ச்சலாக வெளிப்படுகிறது.

அகற்றப்படாத சடலங்கள்

இனி என் தங்கையின் நோய்க்கு வருகிறேன். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மால்கம் ஹார்கிரேவ்ஸ் 1948-இல் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மச்சையில் ஒரு விசித்திரமான உயிரணுவைக் கண்டார். வெள்ளணு ஒன்று இன்னோர் உயிரணுவின் உட்கருவை முழுதாக விழுங்கி வைத்திருந்தது. நெடுங்காலம் அது நோயை அறிய உதவும் அடையாளமாக மட்டுமே கருதப்பட்டது. மடிந்த உயிரணுவின் உட்கரு வெளியே கிடந்திருக்கிறது, உடல் அதைப் பகையாகக் கருதியிருக்கிறது என்ற முழுக்கதையும் அந்த ஒரு காட்சியிலேயே அடங்கியிருந்தது. அதைப் படித்தறிய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

சி1க்யூ என்ற இரத்தப் புரதம் மடிந்த உயிரணுக்கள் மீது படிந்து, விழுங்கணுக்கள் அவற்றை எளிதில் எடுத்துச் செல்ல உதவுகிறது. பிறவியிலேயே இந்தப் புரதம் அற்றவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் லூபஸோ அதை ஒத்த நோயோ வருகிறது. 1998-இல் லண்டனில் மரினா போட்டோ குழுவினர் இதே புரதத்தை எலிகளில் நீக்கிப் பார்த்தனர். எலிகளுக்குச் சிறுநீரக அழற்சி வந்தது. சிறுநீரகத்தில் அகற்றப்படாத உயிரணுச் சடலங்கள் குவிந்து கிடந்தன. இதே காலத்தில், லூபஸ் நோயாளிகள் சிலருடைய விழுங்கணுக்கள் சடலங்களை விழுங்குவதில் மந்தமாக இருப்பதையும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

அமைதியாக மடிந்த உயிரணுவும் உரிய நேரத்தில் அகற்றப்படாவிட்டால் உறை கிழிந்து சிதைகிறது. அதன் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் வெளியே வருகின்றன. வைரஸ்களும் இதே பொருள்களால் ஆனவை என்பதால், எதிர்ப்பாற்றல் அவற்றை வைரஸ் எனத் தவறாகக் கருதி இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. அவை சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிந்து மேலும் உயிரணுக்களைச் சிதைக்க, நச்சு வட்டம் முழுமையடைகிறது. லூபஸ் நோய்க்கு மரபு, இயக்குநீர், சூழல் எனப் பல வேர்கள் உண்டு. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதை இந்த ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆயினும் அகற்றப்படாத மரணம் அந்த வேர்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

என் தங்கைக்கு ஒரு பழைய கேள்வி இருந்தது. அவள் பணியாற்றிய பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் திறந்த மைதானத்தில் நடைபெறும். வெயிலில் நின்ற மறுநாள் கன்னத்தில் சிவப்பு ஏறும், மூட்டுகள் இறுகும். குடை பிடித்து நின்றதை உடன் பணியாற்றியோர் சிலர் நாகரிகப் பகட்டு என்று கேலி செய்தனர். “வெயிலுக்கும் முழங்காலுக்கும் என்னண்ணா சம்பந்தம்?” என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். அதற்கு விடை 1994-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிவியா காஷியோலா-ரோசனும் ஆன்டனி ரோசனும் தோல் உயிரணுக்கள் மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தினர். அவை மடியத் தொடங்கின. அவற்றின் மேற்பரப்பில் தோன்றிய கொப்புளங்களில், லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்புப் புரதங்கள் குறிவைக்கும் அதே பொருள்கள் திரண்டு நின்றன. வெயில் தோலின் உயிரணுக்களை மடியச் செய்கிறது. நம்மில் பெரும்பாலோர்க்கு அந்தச் சடலங்கள் ஓசையின்றி அகற்றப்படுகின்றன. அவளுக்கு அவை தேங்குகின்றன. கன்னத்தில் தொடங்கிய கலகம் முழங்காலுக்குப் பரவுகிறது. இதை அவளுக்கு விளக்கிய நாளில் அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் நான் நடிக்கவில்லை” என்றாள்.

ஒரு பொருளாதார ஆசிரியனின் பார்வையில்

நலிவுற்ற தொழில் நிறுவனங்களைப் பற்றி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மூடவும் இயலாமல் நடத்தவும் இயலாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆலைகள் நம் நாட்டில் பல. இயந்திரம் துருப்பிடிக்கும், தொழிலாளியின் நிலுவைத் தொகை முடங்கும், வங்கிக் கடன் வாராக்கடனாகும், வழக்குகள் வழக்குகளைப் பெறும். நிறுவனம் தொடங்குவதற்கு வழி வகுத்த நாம், முறையாக விடைபெறுவதற்கு வழி வகுக்கவில்லை என்பதை உணர்ந்தே 2016-இல் திவால் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. உயிரணுக்களைப் பற்றிப் படித்தபோது அந்தப் பாடமே நினைவுக்கு வந்தது. மறைவைவிட, மறைந்ததை முறையாக அப்புறப்படுத்தத் தவறுவதே பெருங்கேட்டைத் தருகிறது. உவமையை இதற்கு மேல் இழுப்பது முறையன்று. வேலையிழந்த தொழிலாளி உயிரணு அல்லர்.

தேவை, வழங்கல் பற்றிய பாடம் ஒன்றையும் அந்த நோய் எனக்குக் கற்பித்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை மலேரியாவுக்காக உருவானது. லூபஸ் நோயாளிகளுக்கு அது ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டிய அடிப்படை மருந்து. சிதைந்த உயிரணுவின் டிஎன்ஏ, ஆர்என்ஏ எழுப்பும் பொய் எச்சரிக்கையை அது மட்டுப்படுத்துகிறது. 2020 மார்ச்சில், கரோனாவுக்கு அது பயன்படக்கூடும் என்ற செய்தி பரவியதும் கடைகளில் மாத்திரை மறைந்தது. மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. நோயற்றோர் பலர் முன்னெச்சரிக்கையாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள, நோயுற்ற என் தங்கைக்காக நான் பதினோரு கடைகள் ஏறி இறங்கினேன். இறுதியில் கிடைத்தது இரண்டு அட்டைகள். அவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அவள் சிக்கனமாக உட்கொண்டாள். அவ்வாண்டு ஜூன் மாதம், பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கரோனா நோயாளிகளுக்கு அம்மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது.

அதே ஆய்வு அதே மாதத்தில் இன்னொன்றையும் கண்டறிந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து. நாடே எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் பொருள்களை வாங்கிக் குவித்த ஆண்டில், தீவிர நோயாளிகளைக் காப்பாற்றியது எதிர்ப்பாற்றலை அடக்கிய மருந்து. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தடுப்பூசி இந்தப் பட்டியலில் சேராது. அது எதிர்ப்பாற்றலைக் கண்மூடித்தனமாக ஊதிப் பெருக்குவதில்லை. குறிப்பிட்ட ஒரு பகைவனை அடையாளம் காணக் கற்பிக்கிறது.

எதிர்காலம் நம்பிக்கையளிக்கிறது. 2022-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், வேறு மருந்துகளுக்கு அடங்காத ஐந்து லூபஸ் நோயாளிகளின் டி உயிரணுக்களை எடுத்து, தவறான எதிர்ப்புப் புரதங்களுக்குக் காரணமான பி உயிரணுக்களைத் தேடி அழிக்குமாறு மாற்றியமைத்து மீண்டும் செலுத்தினர். ஐந்து பேரிடமும் நோய் தணிந்தது. இதே தொழில்நுட்பத்தில், மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் தொடர்புடைய இந்தியச் சிகிச்சை ஒன்றுக்கு, சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்காக 2023-இல் அனுமதி கிடைத்தது. லூபஸுக்கும் அது எளிய விலையில் வரும் நாள் தொலைவில் இருக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலைகள் நம்மிடம் உள்ளன.

காரணம் புலப்படாத மூட்டுவலி, ஆறாத வாய்ப்புண், வெயிலில் சிவக்கும் கன்னம், முடி உதிர்தல், நீங்காத களைப்பு ஆகியவை ஓர் இளம்பெண்ணிடம் சேர்ந்து தோன்றினால், சத்துமாவு டப்பாவை நாடும் முன் மருத்துவரை நாட வேண்டும். உட்கருவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் எளிய சிறுநீர்ப் பரிசோதனையும் நோயை அறிய முதற்படிகள். அவை மாவட்டத் தலைநகரைத் தாண்டியும் எளிய மக்களுக்கு எட்ட வேண்டும். நாள்பட்ட நோயாளிகள் நம்பியிருக்கும் மருந்துகளுக்கு, பீதிக் காலத்திலும் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும். ‘எதிர்ப்புச் சக்தி பெருகும்’ என்ற விளம்பரத்திடம் எந்த ஆற்றல், எவ்வளவு, யாருக்கு என்று கேட்கும் அதிகாரமும் துணிவும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு வேண்டும்.

என் தங்கை சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றாள். சிறுநீரகம் ஓரளவு பழுதுற்றிருக்கிறது, மாத்திரைகள் தொடர்கின்றன. அவள் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில், காலை வழிபாட்டுக் கூட்டம் மைதானத்திலிருந்து வேப்பமர நிழலுக்கு மாற்றப்பட்டுவிட்டது. அவள் வைத்த கோரிக்கையை ஏற்றவர் ஓர் இளம் தலைமையாசிரியர். நோயைக் குணமாக்கும் செயலன்று அது. ஆனால் மூன்று ஆண்டுகள் நான் வாங்கிக் கொடுத்த டப்பாக்கள் அத்தனையையும்விட, அந்த நிழல் அவளுக்குச் செய்த நன்மை அதிகம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).